பெயர் வேண்டாம் என்றவருக்கு விருது: ‘மணிலா கிங்பின்’ யாருடைய படம்?

‘மணிலா கிங்பின்’ என்ற பிலிப்பைன்ஸ் அடிதடிப் படத்தின் இயக்குநர், படம் திரைக்கு வரும் நேரத்தில் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அதே படத்துக்காக அவருக்கே சிறந்த இயக்குநர் விருதும் அறிவிக்கப்பட்டது. இது எப்படி நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் வாலில் இன்னொன்றும் தொங்குகிறது: "பெயரை எடுப்பதால் அவருக்கு என்னதான் கிடைத்தது?" விருது விவகாரம் வேடிக்கையானது, அதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்க நினைத்தது அந்த வாலில் இருப்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் எடுத்து, வெட்டி, ஒட்டி வைத்த படத்தில் இன்னொருவர் கை வைத்து மாற்றி வெளியிட்டால், அதன்பின் அது யாருடைய படம்?

நான் வழக்கறிஞன் அல்ல. மணிலாவில் வேலை பார்த்தவனும் அல்ல. டகாலோக் மொழியும் தெரியாது, துணையெழுத்தின் தயவில் படம் பார்க்கிறவன். சென்னையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் படத்தொகுப்பு செய்கிறேன். பிலிம் சுருளைக் கையில் பிடித்து வெட்டிய கடைசித் தலைமுறை நாங்கள். இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் நடக்கும் சண்டை எங்கே ஆரம்பித்தாலும், முடிகிற இடம் எடிட்டிங் அறைதான். அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் படம். 2011ஆம் ஆண்டு வெளியானது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. முழுப் பெயர் ‘மணிலா கிங்பின்: அசியோங் சலோங்காவின் கதை’ என்று பொருள்படும். சினிமா கான்செப்ட் இன்டர்நேஷனல், விவா பிலிம்ஸ் ஆகிய நிறுவனங்களின் படம். நாயகன் ஜார்ஜ் எஸ்ட்ரேகன் என்ற திரைப்பெயர் கொண்ட இ.ஆர். எஹெர்சிட்டோ, அப்போது அவர் லகுனா மாகாணத்தின் பதவியிலிருந்த ஆளுநரும்கூட. அங்கே மாகாண ஆளுநர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுகிறவர் அல்ல, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறவர். இயக்குநர் டிக்கோய் அகிலுஸ். ஒளிப்பதிவு கார்லோ மெண்டோசா. கார்லா அபெல்லானா, பிலிப் சால்வடோர், ஜான் ரெகாலா, பாரன் கைஸ்லர் என்று பெரிய நடிகர் கூட்டம்.

அசியோங் சலோங்கா கற்பனைப் பாத்திரம் அல்ல. நிகாசியோ சலோங்கா என்ற அந்த ஆள் மணிலாவின் துறைமுகத்தை ஒட்டிய தொண்டோ பகுதியில், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கும்பல் நடத்தியவர். அண்ணன் தொமிங்கோ போலீஸ்காரர், தம்பி ரவுடி. திரைக்கதை எழுதுகிறவன் கையில் இதைவிட வசதியான குடும்பத்தை யாரும் கொடுத்துவிட முடியாது. 1951இல் எர்னிங் டூத்பிக் என்ற பட்டப்பெயர் கொண்ட கும்பல்காரனால் சுட்டுக் கொல்லப்பட்டபோது சலோங்காவுக்கு வயது 27. பத்தே ஆண்டுகளில், 1961இல், அவர் கதை படமானது. அதில் நடித்து நட்சத்திரமானவர் ஜோசப் எஸ்ட்ராடா. பிறகு அவர் சான் ஹுவானின் மேயராகி, செனட்டராகி, 1998இல் நாட்டின் ஜனாதிபதியே ஆனார். திரையில் ஏழைகளுக்காக அடி வாங்கியவன் மேடையில் ஏறி வாக்குக் கேட்ட கதையைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2011 படத்தின் நாயகன் அந்த எஸ்ட்ராடாவின் தம்பி மகன். ஆக, அவருக்கு இது ஒரு வேடம் மட்டும் இல்லை, குடும்பச் சொத்து மாதிரி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மறுபக்கம் அகிலுஸ். அவர் அடிதடிப் படங்களில் வளர்ந்தவர் அல்ல. 1984இல் அவர் எடுத்த ‘போட்மேன்’, பக்சன்ஹான் அருவிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு படகோட்டி இளைஞன் நடிகனாகும் கனவோடு மணிலாவுக்குப் போய், உடலை விற்கும் மேடைக்கு வந்து சேர்வதைச் சொல்கிறது. 1996இல் ‘செகுரிஸ்தா’: பகலில் காப்பீட்டு முகவர், இரவில் கேளிக்கை விடுதியில் வேலை என்று இரண்டு வாழ்க்கை வாழும் பெண்ணின் கதை. அந்த ஆண்டு ஆஸ்கருக்குப் பிலிப்பைன்ஸ் அனுப்பிய படம் அதுதான். மணிலாவில் சினிமணிலா என்ற சர்வதேசத் திரைப்பட விழாவை 1999இல் தொடங்கி நடத்தியவரும் அவரே. ஒரு சுவையான பொருத்தம் உண்டு. ‘போட்மேன்’ படகோட்டியின் ஊரான பக்சன்ஹான் இருப்பது லகுனாவில். ஆளுநராகும் முன் எஹெர்சிட்டோ அந்த ஊரின் மேயராகத்தான் இருந்தார்.

இப்படிப்பட்ட இருவர் ஒரு படத்தில் சேரும்போது ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒவ்வொரு படம் ஓடும். ஒருவர் மனதில் போருக்குப் பிந்தைய தொண்டோ, சேறு, புகை, நிழல். மற்றவர் மனதில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தியேட்டரை அதிரவைத்த சண்டைப் படம். பிலிப்பைன்ஸில் அந்த வகைப் படங்கள் ஒரு காலத்தில் வாராவாரம் வந்தன. பெர்னாண்டோ போ ஜூனியர், எஸ்ட்ராடா, ரமோன் ரெவில்லா, ரூடி பெர்னாண்டஸ் என்று ஒரு பரம்பரையே இருந்தது. உண்மையான குற்றவாளிகளின் வாழ்க்கையைப் படமாக்குவதே அதில் தனிக் கிளை. தொண்ணூறுகளின் கடைசியில் அந்தச் சந்தை படுத்துவிட்டது. படுத்த சந்தையை எழுப்ப வேண்டும் என்று பணம் போடுகிறவர், நிழலையும் மௌனத்தையும் பார்த்தால் கை நடுங்கத்தான் செய்யும். இது என் ஊகம்; ஆனால் இதே நடுக்கத்தை என் தோளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர்களிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இதோடு தேதி என்ற பூதம் சேர்கிறது. மெட்ரோ மணிலா திரைப்பட விழா 1975இலிருந்து நடக்கிறது. பெயர்தான் விழா, நடப்பது வியாபாரம். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை வெளிநாட்டுப் படங்களை எல்லாம் தியேட்டரிலிருந்து இறக்கிவிட்டு, தேர்ந்தெடுத்த சில உள்நாட்டுப் படங்களை மட்டும் ஓட்டுவார்கள். கையில் போனஸும் குழந்தைகளுக்கு விடுமுறையுமாக ஊரே தியேட்டருக்குப் போகும் வாரம் அது. அந்த வாரத்தில் ஓர் இடம் கிடைத்தால் ஹாலிவுட்டோடு மோத வேண்டாம். விட்டால் அடுத்த டிசம்பர்தான். அந்த ஆண்டுகளில் படங்களைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் காகிதத்தை வைத்து: திரைக்கதை, நடிகர் பட்டியல், தயாரிப்பு நிறுவனம். படம் எடுத்து முடிந்திருக்க வேண்டியதே இல்லை. இடத்தைப் பிடித்துவிட்டுப் படத்தை எடு, டிசம்பர் 25க்குள் எப்படியாவது முடி. முடித்த படங்களை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று 2016இல் ஒருமுறை மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் அப்படியே நிலைக்கவில்லை.

தேதி குறித்த படத்தில் இயக்குநரின் பலம் நாளுக்கு நாள் குறையும். படப்பிடிப்பில் அவர் ராஜா. அவர் இல்லாமல் கேமரா நகராது. எடிட்டிங்கில் பாதி ராஜா. பின்னணி இசைக்குப் போகும்போது அவர் ஒரு கருத்துச் சொல்கிறவர். பிரதி தயாரானபின் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் ஓடும். தயாரிப்பாளரின் பலம் இதற்கு நேர் எதிர்த்திசையில் ஏறும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் எல்லாச் சண்டையும் வருகிறது. ‘மணிலா கிங்பின்’ சண்டையும் சரியாக அங்கேதான் வந்தது.

இனி, உறுதியாகத் தெரிந்தது எது, ஒரு தரப்பு மட்டும் சொல்வது எது என்று பிரித்துக்கொள்வோம். இயக்குநர் தன் பெயரை நீக்கச் சொன்னது உறுதி. அவர் சொன்ன காரணமும் பதிவானது: தன் ஒப்புதல் இல்லாமல் காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன, படம் மறுபடி வெட்டப்பட்டது. படம் விழாவில் வெளியானதும், சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட விருதுகளைக் கூடை கூடையாக அள்ளியதும் உறுதி. சந்தேகத்துக்குரியது, அந்த மாற்றங்கள் படத்தைக் கெடுத்தனவா காப்பாற்றினவா என்பது. இதற்கு இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நமக்குக் கிடைத்தது ஒரே வடிவம். ஒரு வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு "இயக்குநரின் படம் கலைப்படைப்பு, கெடுத்துவிட்டார்கள்" என்றோ, "சுவாரசியமே இல்லாததை ஓட வைத்தார்கள்" என்றோ சொல்கிறவர்கள் தங்கள் கட்சியைத்தான் சொல்கிறார்கள். இயக்குநரின் முதல் வெட்டு எல்லாமே தேவாமிர்தம் என்று நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன். நான் பார்த்த முதல் வெட்டுகளில் பாதிக்குமேல் தேவைக்கு இருபது நிமிடம் கூடுதல் நீளம்.

ஆனால் மறுபடி எடுப்பதும் வெட்டுவதும் என்றால் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இதைப் ‘பேட்ச் வேலை’ என்போம், கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவதுபோல. நியாயமான பேட்ச் எல்லாப் படத்திலும் உண்டு: ஒரு குளோசப் விட்டுப்போயிருக்கும், கதவைத் திறக்கும் கை தேவைப்படும். பிரச்சினை, ஒட்டுத் துணி வேட்டியைவிடப் பெரிதாகும்போது. நடுவில் ஒரு சண்டையைச் சேர்த்தால் சண்டை மட்டும் சேராது. அதற்கு முன்னால் கோபம் வர ஒரு காரணம் வேண்டும், பின்னால் காயம் தெரிய வேண்டும், அடுத்த காட்சியில் நாயகன் சட்டை கிழியாமல் நிற்கிறான் என்றால் அந்தக் காட்சியையும் சுருக்க வேண்டும். நான்கு நிமிடச் சண்டைக்காகப் பதினைந்து நிமிடப் படம் இடம் மாறும். கடைசியில் படத்தின் மூச்சே மாறிவிடும். இயக்குநர் எடுத்த ஷாட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றும் அவருடையதாகவே இருக்கும். ஆனால் எது எதற்கு அடுத்து வருகிறது என்பதில் அவர் இருக்க மாட்டார்.

கறுப்பு வெள்ளையில் இந்த ஒட்டு வேலை கொஞ்சம் சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். வண்ணப் படத்தில் மாலை நாலு மணி வெயிலில் எடுத்ததோடு காலை வெயிலில் எடுத்ததைச் சேர்த்தால் தோலின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். நிறத்தை எடுத்துவிட்டால் பாதிச் சாட்சி போய்விடுகிறது. மிஞ்சுவது நிழலின் திசையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான மாறுபாட்டின் அழுத்தமும்தான். பழக்கப்பட்ட கண் அதையும் பிடிக்கும், ஆனால் பார்வையாளர் பிடிக்க மாட்டார். 27 வயதில் செத்தவனாக ஐம்பதை நெருங்கும் ஒருவர் நடிக்க முடிந்ததிலும் அந்தக் கறுப்பு வெள்ளைக்குப் பெரிய பங்கு உண்டு. அது வேறு கதை.

என் அனுபவம் ஒன்று. ஊர் பேர் வேண்டாம், பல ஆண்டுகள் ஆகிவிட்டன. படத்தில் ஒரு தாய் பேருந்து நிலையத்தில் மகனுக்காகக் காத்திருப்பாள். கடைசி பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், மகன் இருக்க மாட்டான், பஸ் கிளம்பிப் போகும். கேமரா அசையாமல் முப்பத்தெட்டு விநாடி நிற்கும். ஒரு வெட்டும் கிடையாது. இயக்குநருக்கு அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் படம். வெளியீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தயாரிப்புத் தரப்பிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க் வந்தது. சண்டைப் பயிற்சியாளரை வைத்துத் தனியாக எடுத்த இரண்டு சண்டைகள் அதில் இருந்தன. இயக்குநருக்குத் தெரியாது. எனக்கு வந்த கட்டளை, இவற்றைச் சேர், நீளத்தைக் கூட்டாதே. எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? தாய் ஆறு விநாடி ஆனாள். ஆறு விநாடியில் அவள் பஸ்ஸைத் தவறவிட்டவள் போலத் தெரிந்தாள்.

இயக்குநர் மறுநாள் வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். இரண்டு முறை ஓட்டச் சொன்னார். பிறகு, "தம்பி, அந்த பஸ் போகிற சத்தத்தையாவது அடுத்த காட்சி மேலே கொஞ்சம் இழுத்துவிடு" என்றார். இழுத்துவிட்டேன். பெயரை எடுக்கச் சொல்லப்போகிறீர்களா என்று டீக்கடையில் வைத்துக் கேட்டேன். "மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறேன், அடுத்த படம் வேண்டுமே" என்றார். படம் அவர் பெயரோடுதான் வெளியானது. அவர் செய்தது தவறு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. பட்டியலில் என் பெயரும் இருந்தது. வெட்டிய கை என்னுடையது. அகிலுஸ் செய்ததன் விலை என்ன என்று புரிய இதைச் சொல்கிறேன். பெயரை எடுக்கச் சொல்கிற இயக்குநர் அந்தப் படத்தின் வெற்றியையும் கையோடு விட்டுக்கொடுக்கிறார், அடுத்த தயாரிப்பாளரையும் பயமுறுத்துகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? பிலிப்பைன்ஸின் அறிவுசார் சொத்துரிமைச் சட்டம், அதாவது குடியரசுச் சட்டம் 8293, 1997இல் இயற்றப்பட்டது. அதன்படி திரைப்படத்தின் பதிப்புரிமை தயாரிப்பாளர், திரைக்கதை எழுதியவர், இசையமைப்பாளர், இயக்குநர், மூலக்கதை ஆசிரியர் எல்லோருக்கும் பொது; ஆனால் படத்தைத் திரையிடத் தேவையான அளவுக்கு அந்த உரிமையைச் செலுத்துவது தயாரிப்பாளர். பணத்தோடு சம்பந்தமில்லாத தார்மிக உரிமைகள் தனியாக, 193ஆம் பிரிவில் வருகின்றன. தன் படைப்பைத் தன் மதிப்புக்குக் குந்தகம் வரும்படி சிதைப்பதை எதிர்க்கலாம். தான் படைக்காத ஒன்றிலோ, தன் படைப்பின் சிதைந்த வடிவத்திலோ தன் பெயரைப் போடக் கூடாது என்று தடுக்கலாம். இந்தக் கடைசி வாசகம் அகிலுஸுக்காகவே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் நான்கே பிரிவு தள்ளி, 197இல், இன்னொன்று வருகிறது: மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த ஊடகத்தின் வழக்கத்துக்கு உட்பட்ட நியாயமான, தேவையான தொகுப்பு வேலை இந்த உரிமைகளை மீறியதாகாது. வழக்கம் எது, நியாயம் எது, தேவை எது? ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வழக்கறிஞர் ஒரு வருடம் வாதாடலாம். டிசம்பர் 25 காத்திருக்காது. படத்தை நிறுத்துவது கடினம், சிதைத்தார்கள் என்று நிரூபிப்பது இன்னும் கடினம். பெயரை எடு என்பது மட்டும்தான் உடனே கேட்கக்கூடியது. இந்தியச் சட்டத்தில் இவ்வளவும்கூட இல்லை. இங்கே திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ என்றாலே தயாரிப்பாளர்தான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முறையே வைத்திருந்தார்கள். அங்குள்ள இயக்குநர் சங்கத்துக்குத் தயாரிப்பு நிறுவனங்களோடு ஒப்பந்தம் உண்டு. முழுநீளப் படத்தில் இயக்குநர் தன் வெட்டை முடிக்கப் பத்து வாரம் தரவேண்டும் என்பது அதில் ஒன்று. படம் தன் கையை விட்டுப் போய்விட்டது என்று சங்கத்திடம் நிரூபித்தால், அவர் பெயருக்குப் பதில் ஆலன் ஸ்மிதி என்ற இல்லாத மனிதரின் பெயரைப் போடுவார்கள். முதலில் போட்டது 1969இல் வந்த ‘டெத் ஆஃப் எ கன்பைட்டர்’ என்ற படத்துக்கு. நாயகன் ரிச்சர்ட் விட்மார்க்குக்கும் இயக்குநர் ராபர்ட் டாட்டனுக்கும் ஒத்துவராமல், பாதியில் டான் சீகல் வந்து முடித்தார். இரண்டு பேரும் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். கூத்து என்னவென்றால், படம் வந்ததும் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஸ்மிதியின் இயக்கத்தைப் பாராட்டி எழுதினார். பிறக்காத மனிதருக்குக் கிடைத்த முதல் பாராட்டு. 2000ஆம் ஆண்டோடு அந்தப் பெயரை ஓய்வுபெற வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்துபோன புனைபெயர் எதையும் மறைக்காது.

இப்போது மணிலா விருதுக்கு வாருங்கள். ஸ்மிதிக்கு நடந்ததுதான் அகிலுஸுக்கும் நடந்தது, ஒரு வித்தியாசத்தோடு. அங்கே பாராட்டு பொய்ப் பெயருக்குப் போனது. இங்கே விருது, வேண்டாம் என்று சொன்ன உண்மைப் பெயரைத் தேடி வந்தது. நடுவர்கள் பிழை செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நடிகர்களை நடிக்க வைத்தது, சட்டகத்தை அமைத்தது, தொண்டோவின் சந்துகளை அந்த ஒளியில் பார்க்கத் தீர்மானித்தது எல்லாம் வெட்டு மேசைக்கு முன்பே முடிந்த வேலை. அவை திரையில் மிச்சமிருந்தன. அதற்கு ஒருவரைப் பாராட்டுவதானால் வேறு யாரைப் பாராட்டுவது? தொழில்காரனாக எனக்குச் சிரிப்பு வந்தது இன்னொரு விருதில்: சிறந்த படத்தொகுப்புக்கான விருதும் இதே படத்துக்குத்தான் கிடைத்தது. எந்த வெட்டால் இயக்குநர் பெயரை உதறினாரோ அந்த வெட்டுக்கு ஒரு கோப்பை, உதறியவருக்கு ஒரு கோப்பை, இரண்டும் ஒரே மேடையில். விழாவுக்கு இதில் முரண்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. நடுவர்களுக்குப் போனது ஒரே பிரதி. அதில் எந்த ஷாட் யாருடைய கட்டளையில் இருக்கிறது என்று திரை சொல்லாது.

இதைப் பிலிப்பைன்ஸ் சினிமாவின் பெரிய துன்பங்களோடு ஒப்பிட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. இதே படத்தில் போலீஸ் அண்ணனாக நடித்த பிலிப் சால்வடோர், எண்பதுகளில் லினோ ப்ரோகா என்ற இயக்குநரின் படங்களில் நாயகன். ‘பயன் கோ: கபிட் ச பதாலிம்’ படத்தின் பிரதியைச் சர்வாதிகாரி மார்கோஸ் ஆட்சியின் கண்ணில் படாமல் கடத்திக்கொண்டுபோய்த்தான் 1984இல் கான் விழாவில் திரையிட்டார்கள். தணிக்கை வாரியத்தோடு நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985 தீர்ப்பில் மனு தள்ளுபடியானாலும், எது ஆபாசம் என்பதில் வாரியத்தின் பார்வை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்துவதாக இருக்கிறது என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. மார்கோஸ் போனபிறகு 1989இல் ப்ரோகா எடுத்த ‘ஒராப்ரொனோபிஸ்’ படத்திலும் சால்வடோர்தான். அதற்கும் உள்ளூரில் முறையான திரையரங்க வெளியீடு கிடைக்கவில்லை. அங்கே கத்தரிக்கோல் அரசாங்கத்தின் கையில் இருந்தது, எதிரி யார் என்று தெளிவாகத் தெரிந்தது. அகிலுஸின் வழக்கில் கத்தரிக்கோல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வலி வேறு, அளவு வேறு. ஆனால் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி வரலாறு எழுதப்படுவதில்லை. எனவேதான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சண்டைக்குப் பிறகு யாரும் அழிந்துபோகவில்லை. எஹெர்சிட்டோ அடுத்த டிசம்பரில் மார்க் மெய்லி இயக்கத்தில் ‘எல் பிரெசிடென்டே’, அதற்கடுத்த டிசம்பரில் சீட்டோ ரோன்யோ இயக்கத்தில் ‘பாய் கோல்டன்’ என்று அதே விழாவுக்குப் படங்களோடு வந்தார். முதலாவதில் நாட்டின் முதல் ஜனாதிபதி எமிலியோ அகினால்டோ வேடம், இரண்டாவதில் மறுபடி ஒரு தாதா.

ஆக, பெயரை எடுத்ததால் என்ன கிடைத்தது என்ற உங்கள் வாலுக்கு வருகிறேன். பணமாக எதுவும் கிடைத்திருக்காது. கிடைத்தது ஒரு சாட்சியம். இன்று அந்தப் படத்தைப் பார்க்கிற யாரும், எந்த நாட்டில் இருந்தாலும், இரண்டு நிமிடம் தேடினால் "இது இயக்குநர் ஒப்புக்கொள்ளாத வடிவம்" என்ற செய்தியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் முட்டிக்கொண்டது போல. என் பேருந்து நிலையத் தாய்க்கு அப்படி ஒரு சாட்சியம் கிடையாது. அந்தப் படத்தை இப்போதும் எப்போதாவது தொலைக்காட்சியில் போடுகிறார்கள். ஆறு விநாடி வந்து போகிறாள்.

படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு யோசனை. ‘போட்மேன்’, ‘செகுரிஸ்தா’ இரண்டில் ஒன்றையாவது முதலில் பாருங்கள். ஒரு முகத்தின் மேல் அகிலுஸ் எவ்வளவு நேரம் நிற்கிறவர் என்று கண்ணுக்குப் பழகும். பிறகு ‘மணிலா கிங்பின்’ பாருங்கள். சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னும் முடிந்த உடனேயும் கவனியுங்கள், இசை எங்கே அவசரமாக உள்ளே நுழைகிறது என்று கேளுங்கள். சில இடங்களில் முகம் இன்னும் எதையோ சொல்ல வாயெடுக்கும், ஷாட் மாறிவிடும். அங்கெல்லாம் ஒட்டு இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இயக்குநரே வெட்டியதாகவும் இருக்கலாம். அந்த இடங்களில் நான் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அவ்வளவுதான்.